பெரேசி உட்கார்ந்த வேன்

கம்பாலா நகர வேன் நிலையத்தில் பெரேசிக்கு வேலை, உட்காருவது. அவ்வளவுதான். காலி வேனில் எவனும் ஏறமாட்டான். ஏறினால் அது நிறையும்வரை வெயிலில் வேகவேண்டும். அதனால் நடத்துனர்கள் பெரேசியைப்போலச் சிலரை முன்கூட்டியே உள்ளே உட்காரவைப்பார்கள். பார்க்கிறவன் "ஆகா, இப்பக் கிளம்பிரும்" என்று ஓடிவந்து ஏறுவான். மெய்ப் பயணி ஏற ஏற, பொய்ப் பயணி ஒவ்வொருவராய் நழுவி அடுத்த வேனுக்குப் போவார்கள்.

சும்மா உட்காருவதிலும் தொழில்சுத்தம் உண்டு. பெரேசி மடியில் பையை அணைத்துக்கொண்டு, நேரமாகிவிட்டவள்போல ஒரு பெருமூச்சு விடுவாள் பாருங்கள், அதற்காகவே அவளைப் போட்டிபோட்டுக் கூப்பிடுவார்கள். ஒருமுறை மனசு உறுத்த, இது பொய்யாகுமா என்று போதகரிடம் கேட்டாள்.

"நீ பயணம் போறேன்னு வாய்விட்டுச் சொன்னியா?"

"இல்லீங்கய்யா. உட்கார்ந்தேன்."

"சும்மா உட்காருறது பாவம்னா என் சபையில பாதிப்பேரு கரையேற முடியாதும்மா."

அன்றிலிருந்து வேனிலேயே கண்ணை மூடி ஜெபமும் செய்துகொள்வாள். தினமும் எல்லா ஊருக்கும் கிளம்புவாள், எந்த ஊருக்கும் போகமாட்டாள்.

அந்தச் சனிக்கிழமை மட்டும் அவள் உண்மையாகவே போகவேண்டியிருந்தது. முகோனோவில் அண்ணன் மகள் எசேரியைப் பெண் கேட்டு வருகிறார்கள். ஊர் வழக்கப்படி, கூட்டத்துக்குள் ஆளோடு ஆளாக உட்கார்ந்திருக்கும் மாப்பிள்ளையைப் பெண்ணின் அத்தைதான் கண்டுபிடித்து எழுப்பிச் சட்டையில் பூக் குத்தவேண்டும். அத்தை வராவிட்டால் அவன் உட்கார்ந்தது உட்கார்ந்தபடிதான். சம்பந்தமும் அங்கேயே நின்றுவிடும். எசேரிக்கு அத்தை என்று இருப்பது பெரேசி ஒருத்திதான்.

தோள் இரண்டும் கொம்புபோல் நிமிர்ந்த பட்டுக் கோமேசி அங்கி உடுத்தி, இடுப்புக் கச்சையை இறுக்கி முடிந்து, முகோனோ வேனில் ஏறினாள். நடத்துனர் செபுன்யா வாயைப் பிளந்தான்.

"அடேயப்பா! இன்னிக்கு வேஷம் அமர்க்களம்க்கா. கல்யாண வீட்டுக்குப் போற மாதிரியே இருக்கு."

"கல்யாண வீட்டுக்குத்தான்டா போறேன்."

"அப்படித்தான்! இன்னும் சத்தமாச் சொல்லு, நாலு பேரு காதுல விழட்டும்."

அவள் காசை எடுத்து நீட்டினாள். அவன் அந்தக் கையை மூடிவிட்டான். "நடிப்புக்கும் ஒரு அளவு வேணும்க்கா."

அப்போது ஒரு வெளியூர்க்காரர் வந்தார். வெள்ளைக்காரர், கொக்குபோல உயரம், பெயர் யென்ஸ். வந்தவர் அத்தனை வேனையும் விட்டுவிட்டு நேரே பெரேசி பக்கத்தில் வந்து முழங்காலை மடக்கி உட்கார்ந்தார்.

வேன் நிறைந்தது. கடைசியாய் ஒரு கோழிக்காரி கோழியோடு வந்தாள். "அக்கா, இறங்கு" என்றான் செபுன்யா.

"மாட்டேன்டா, நான் போகணும்."

"விளையாடாதக்கா, கோழி கத்துது." கையைப் பிடித்து இறக்கியே விட்டான்.

பெரேசி இறங்கினாள். யென்ஸும் இறங்கினார்.

அதைப் பார்த்து இன்னொருவனும் இறங்க, வேனில் இரண்டு இடம் பல்லிளித்தது. செபுன்யா தலையில் அடித்துக்கொண்டு, "சரி, ஏறிக் கொஞ்சம் உட்காருக்கா, கூட்டம் கலையுது" என்றான். அவள் ஏறினாள். அவரும் ஏறினார். வாழைத்தாரோடு ஒருவன் வந்தான். அவள் இறங்கினாள். அவரும் இறங்கினார்.

"அய்யா, ஒங்களுக்கு என்னய்யா வேணும்?" செபுன்யா அழாத குறை.

யென்ஸ் தெரிந்த நாலு வார்த்தையைக் கூட்டிச் சொன்னார்: "விடுதிக்காரம்மா சொன்னாங்க. கௌரவமான அம்மா ஏறுற வண்டியில ஏறு. அவங்க இறங்கினா வண்டி சரியில்லன்னு அர்த்தம், நீயும் இறங்கிடு."

உள்ளே கோழிக்காரி ஜன்னல் வழியே தலையை நீட்டினாள். "ஏன்டா, அந்தம்மா இறங்கினா அவரு இறங்குறாரு, ஏறினா ஏறுறாரு. நெருக்கி உட்கார்றோம், ரெண்டு பேரையும் போட்டுக் கதவச் சாத்தேன்டா! வெயில்ல என் கோழி வெந்திரும் போல!"

பெரேசி படியில் ஒரு காலை வைத்து நின்றாள். "தம்பி, இத்தனை வருஷம் உன் வண்டியில சும்மா உட்கார்ந்தேன். இன்னிக்கு ஒருநாள் போக விடுடா. மாப்பிள்ளை எனக்காக உட்கார்ந்திருக்கான்."

செபுன்யா அவள் முகத்தைப் பார்த்தான். "நெசமாவாக்கா? மொதல்லயே சொல்லக் கூடாது?" என்றான், ஒன்றுமே தெரியாதவன்போல.

வேன் நகர்ந்ததும் பெரேசிக்குப் பக்கென்றது. பழக்கமில்லை. முன்சீட்டை இறுகப் பிடித்துக்கொண்டு, முகோனோ வரும்வரை கர்த்தரைக் கூப்பிட்டாள்.

முகோனோவில் இறங்கினாள். யென்ஸும் இறங்கினார்.

"நீங்க எங்க போகணும், தம்பி?"

"ஜிஞ்சா. நைல் நதி பார்க்க."

"அது இன்னும் எவ்வளவோ தூரமாச்சே!"

"நீங்க இறங்கினீங்களே."

பாவமாக இருந்தது. நைல் நதி எங்கும் ஓடிப்போகாது என்று அவரையும் அழைத்துப்போனாள்.

பந்தலில் எல்லாரும் வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரேசி மாப்பிள்ளை வீட்டார் வரிசையை ஒரு பார்வை பார்த்தாள். சும்மா உட்கார்ந்திருப்பதுபோல் நடிக்கிறவனை அவளைவிட யாருக்குத் தெரியும்? நேரே போய், வேர்த்துக்கொண்டிருந்த மாப்பிள்ளையை எழுப்பிப் பூவைக் குத்தினாள். பெண்கள் குலவையிட்டார்கள்.

பிறகு எசேரி பக்கத்தில் போய் அமர்ந்தாள். சாப்பாட்டு நேரத்தில் பந்தல் நிறைந்தது. கடைசியாய் ஒரு பெரியவர் இடம் தேடி நின்றார். அவரைக் கண்டதும் பெரேசியின் உடம்பு தானாக எழுந்து, பையை எடுத்துக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தது. பின்னாலேயே யென்ஸும், வாய் நிறைய மத்தோக்கே வாழைக்காய் மசியலோடு.

எசேரி ஓடிவந்து கையைப் பிடித்தாள். "அய்யோ அத்தே, எங்க போறீங்க? இது உங்க இடம். உட்காருங்க."

பெரேசி திரும்பி வந்து உட்கார்ந்தாள். யென்ஸும் உட்கார்ந்தார்.