கசங்காத தலையணை உறை

என் அக்கா மகளுக்கு வீட்டில் ஜட்ஜ் என்று பெயர். அவளுக்கு ஆறு வயதிருக்கும்போது ஒரு குடைக்காக எனக்கும் அத்தானுக்கும் வாய்த்தகராறு வந்தது. இவள் ஸ்டூல் மேல் ஏறி நின்றுகொண்டு, "மாமா கேக்காம எடுத்தது தப்பு. அப்பா கத்துனதும் தப்பு. குடை அம்மாவுக்கு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டாள். பெயர் ஒட்டிக்கொண்டது. குடை இன்றுவரை அக்காவிடம்தான் இருக்கிறது.

ஜட்ஜிடம் ஒரே ஒரு கோளாறு. அடுத்தவன் என்ன செய்தாலும் லேசாகக் கண்டித்து விட்டுவிடுவாள். குற்றவாளிக் கூண்டில் தானே நிற்கிறாள் என்றால் மட்டும் ஈவு இரக்கம் கிடையாது. அந்தக் கோளாறால் சென்ற வருடம் எங்கள் எல்லோருக்கும் இரண்டு நாள் உயிர் போய் உயிர் வந்தது. அதில் என் பங்கும் உண்டு என்பதால் நானே சொல்லிவிடுவது நல்லது.

நான் ஒரு லாண்டரியில் வேன் ஓட்டுகிறேன். அக்காவும் அங்கேதான். ஆஸ்பத்திரிகளும் ஓட்டல்களும் அனுப்பும் விரிப்புகளும் உறைகளும் சூடான உருளைக்குள் போய் மறுபக்கம் வரும்போது, அவற்றைப் பிடித்து மடிக்கிற மேசையில் பதினெட்டு வருடமாக நிற்கிறாள். இடக்கைக்காரி. மற்றவர்கள் மடித்த தலையணை உறையில் வாய்ப்பக்கம் வலது புறம் இருக்கும். அக்கா மடித்ததில் இடது புறம். ஓரங்கள் பிளேடு வைத்து வெட்டியது போல் நேராக நிற்கும். வேனில் ஆயிரம் உறை இருந்தாலும் எது அக்கா மடித்தது என்று நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். இந்தப் பெருமைதான் பிறகு என்னைக் கவிழ்த்தது.

அத்தான் சுவருக்குப் பெயின்ட் அடிப்பவர். மூன்று வருடத்துக்கு முன்னால் ஏணியிலிருந்து விழுந்ததில் வலது தோள் போயிற்று. கை நெஞ்சுக்கு மேலே எழும்பாது. அதனால் கதவின் கீழ்ப்பாதி, வாசல் கேட், நாற்காலி என்று நெஞ்சுக்குக் கீழே என்ன வேலை இருக்கிறதோ அதை மட்டும் செய்கிறார். வருமானமும் நெஞ்சுக்குக் கீழேதான் நிற்கிறது. இப்படியிருக்கும்போது ஜட்ஜ் நகரத்தில் பல் செட் செய்யும் படிப்பில் சேர்ந்தாள். இரண்டு வருடப் படிப்பு. மெழுகில் பல்லைப் பதித்து, பிளாஸ்டர் மாவு அச்சில் வார்த்து, தேய்த்துப் பளபளப்பாக்கிக் கொடுக்கிற வேலை. அவளுக்கு விரல் சுத்தம். அது அக்காவிடமிருந்து வந்தது.

மாதச் செலவுக்கு அக்கா முதலில் போனில் பணம் அனுப்பிப் பார்த்தாள். ஐந்து நிமிடத்தில் அது அப்படியே திரும்பி வந்துவிடும், கூடவே "என்கிட்ட இருக்கும்மா" என்று ஒரு பொய்யும் வரும். அக்காவும் லேசுப்பட்டவள் இல்லை. லாண்டரியில் வேலை செய்பவர்கள் சனிக்கிழமை கடைசி வண்டித் துணியோடு வீட்டுத் துணியையும் போட்டுக்கொள்ளலாம் என்று முதலாளி அனுமதித்திருந்தார். அந்தச் சாக்கில் மகளின் அழுக்குத் துணியை வரவழைத்துத் துவைத்து மடித்து, புதன்கிழமைதோறும் என் வேனில் அனுப்ப ஆரம்பித்தாள். மாதத்தின் முதல் புதன்கிழமை மட்டும் ஒரு வெள்ளைத் தலையணை உறையின் உள்ளே, மூன்றாவது மடிப்பில், ஒரு கவரில் பணம் இருக்கும். துணியைத் திருப்பி அனுப்ப முடியாதல்லவா.

ஏற்பாடு ஒரு வருடத்துக்கு மேல் ஓடியது. பிறகு ஜட்ஜ் விடுமுறைக்கு வந்தாள். சாப்பிடும்போது அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா எல்லாவற்றையும் ஒரு பக்கமாகவே மென்றுகொண்டிருந்தாள். சிரித்தால் கையால் வாயை மறைத்துக்கொண்டாள்.

"ஆ காட்டு" என்றாள் ஜட்ஜ்.

"சாப்பிடறப்ப என்னடி?"

"காட்டும்மா."

போன் வெளிச்சத்தில் எண்ணிப் பார்த்தாள். ஏழு பல் இல்லை. ஊருக்கெல்லாம் பல் செய்யக் கற்றுக்கொள்கிற பெண்ணின் அம்மாவுக்கு ஏழு பல் இல்லை. ஜட்ஜ் எழுந்து போய்க் கையைக் கழுவிக்கொண்டாள். அன்றைக்கே தீர்ப்பு எழுதிவிட்டாள் என்பது எங்களுக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு நான்கு மாதம் அவள் அந்தப் பணத்தைத் தொடவில்லை. கல்லூரி முடிந்ததும் ஒரு ஜெராக்ஸ் கடையில் நின்றாள். அந்தச் சம்பளம் அறை வாடகைக்குப் போனது. வயிற்றுக்கு ஒரு வேளைதான். நான் புதன்கிழமை பார்க்கும்போது கன்னம் ஒட்டிப்போயிருக்கும். "என்ன ஜட்ஜ், கோர்ட்ல சாப்பாடு போடறதில்லையா?" என்று கேட்பேன். சிரிப்பாள். நானும் சிரித்துவிட்டு வண்டியை எடுத்துவிடுவேன். இப்போது நினைத்தால் என்னையே நாலு அறை அறையலாம் போலிருக்கிறது.

நான்காவது மாதம் வந்த உறை மற்றவற்றைவிடத் தடிமன். கடைசித் தவணைக் கட்டணமும் அதில் இருந்தது. அதற்காக அத்தான் தன் நீளமான ஏணியை விற்றிருந்தார். "ஏற முடியாதவனுக்கு ஏணி எதுக்கு? துணி காயப்போடவா?" என்று சிரித்துக்கொண்டே விற்றார். அந்தச் செய்தியை ஜட்ஜிடம் உளறியவன் நான்தான்.

அவள் முடிவு செய்துவிட்டாள். கட்டணம் கட்டுவதில்லை. படிப்பு போகட்டும், ஜெராக்ஸ் கடையில் முழு நாள் வேலை கேட்டுக்கொள்ளலாம், அம்மாவுக்குப் பல் கட்டட்டும், அப்பா ஏணியை மீட்கட்டும். நான்கு உறைகளையும் மடிப்புக் கலையாமல் அப்படியே பையின் மேலே வைத்து, புதன்கிழமை காலை என்னிடம் கொடுத்தாள். என்னிடம் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன் என்று தெரிந்து, சொல்லாமல் கொடுத்தாள்.

பையின் ஜிப் போய் ஒரு வருடம் ஆகிறது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் ஒருவன் குறுக்கே வந்தான், பிரேக் போட்டேன், பை கவிழ்ந்தது. இறங்கிப் பின்னால் போய்ப் பார்த்தால் சலவை மூட்டைகளுக்குப் பக்கத்தில் நான்கு வெள்ளை உறைகள் கிடக்கின்றன. இடது புற வாய், நேரான ஓரம். அக்கா மடிப்பு. ஆஸ்பத்திரி மூட்டையிலிருந்து நழுவியவை என்று முடிவு கட்டிவிட்டேன். ஆஸ்பத்திரித் துணியில் ஓரத்தில் நீல முத்திரை இருக்கும். அதைப் பார்த்திருக்கலாம். எனக்கு எதற்கு முத்திரை, மடிப்பே போதாதா? எடுத்து மூட்டையின் மேல் வைத்து, மூன்றாம் மாடித் துணி அறையில் இறக்கிவிட்டு, கையெழுத்தும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

சாயங்காலம் ஜட்ஜ் போன் செய்தாள். "அம்மா, பையில மேலாப்புல நாலு உறை இருக்கும். துவைக்காம பிரிச்சுப் பாரு."

அக்கா பையைக் கொட்டிப் பார்த்தாள். உறை இல்லை. அரை மணி நேரம் இரண்டு பக்கமும் கேள்வி கேட்டு விஷயம் முழுவதும் வெளியே வந்தது. கடைசியில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அத்தான் மட்டும், "பரவால்ல மச்சான், என் ஏணி இப்போ எவனோ ஒரு நோயாளி தலைக்குக் கீழ இருக்கு" என்றார். அந்த நிலைமையில் அவருக்கு எப்படி வாய் வந்ததோ.

கட்டணம் கட்ட வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள். வியாழக்கிழமை காலை அக்கா அரை நாள் விடுப்பு எடுத்து என்னோடு வேனில் வந்தாள். ஆஸ்பத்திரி வாசலில் ஜட்ஜ் நின்றுகொண்டிருந்தாள், அழுது முகம் வீங்கி. துணி அறைக்குப் பொறுப்பான அம்மாளிடம் நான் விஷயத்தைச் சொன்னதும் அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க குடுத்த துணியில நீங்களே தேடுங்க. ஆனா என் அடுக்கு கலையக் கூடாது" என்று கதவைத் திறந்துவிட்டார்.

உள்ளே தரையிலிருந்து கூரை வரை வெள்ளை அடுக்குகள். அக்கா முதல் அடுக்கின் முன் நின்று விளிம்புகளின் மேல் இடது கையை ஓட்டினாள். தன் மடிப்பு வந்த இடத்தில் நிறுத்தி, கட்டை விரலால் அழுத்திப் பார்த்து, அடுத்ததற்குப் போனாள். ஜட்ஜ் பின்னாலேயே நடந்தாள்.

"அம்மா, கிடைச்சா நீயே வச்சுக்க. நான் படிப்ப விட்டுட்டேன்."

அக்காவின் கை நிற்கவில்லை. "ஏன்?"

"உன் வாயில பல்லு இல்ல. அப்பாவுக்கு ஏணி இல்ல. நான் ரூம்ல ஃபேன் போட்டுட்டு யாருக்கோ பல்லு செஞ்சிட்டு இருக்கேன். எனக்கு வெக்கமா இருக்கும்மா. அந்த உறையப் பிரிக்க மனசு வரல."

ஒரு உறையை உருவி அக்கா தன் இடுப்பில் செருகிக்கொண்டாள். ஒன்று கிடைத்துவிட்டது. "கடைசிப் பரிட்சைக்கு என்ன செய்யணும்?" என்று கேட்டாள்.

"ஒரு ஆளைக் கூட்டிட்டு வந்து அவங்களுக்குப் பல் செட் பண்ணிக் காட்டணும். அது எதுக்கு இப்போ?"

"காசு வாங்குவாங்களா?"

"பரிட்சைக்குன்னா கிடையாது."

"சேர்ந்த முதல் மாசமே இதை நீ எங்கிட்ட சொன்ன. நீ மறந்துட்ட. நான் மறக்கல. அந்த ஆளு நான்தான்னு அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன்." இரண்டாவது உறை. "கையில காசு இல்லாம இருந்தது நெசம். நான் இல்லேன்னு சொல்லல. ஆனா ரெண்டு வருசமா காத்துட்டு இருக்கறது காசுக்காக இல்ல. எம் பொண்ணு செய்யற பல்லுதான் எனக்கு வேணும். இப்போ நீ விட்டுட்டுப் போனா என் ஏழு பல்லுக்கு யாருடி பதில் சொல்றது?"

ஜட்ஜ் அம்மாவுக்கு எட்டாத மேல் அடுக்குக்காக, ஆறு வயதில் ஏறியது போலவே, ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, இடது புற வாய் வைத்த உறைகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்க்க ஆரம்பித்தாள். மூன்றாவதை அவள்தான் எடுத்தாள்.

நான்காவது, அந்தத் தடிமனானது, அறையில் இல்லை. வார்டுக்குப் போய்விட்டிருந்தது. நர்ஸ் ஒருத்தரோடு கட்டில் கட்டிலாகப் போனோம். ஒவ்வொரு நோயாளியிடமும் தலையைத் தூக்கச் சொல்லி முத்திரை பார்ப்பது என்ன மானக்கேடு என்று எனக்குத்தான் தெரியும். ஜன்னலோரக் கட்டிலில் காலில் மாவுக்கட்டோடு ஒரு பெரியவர் படுத்திருந்தார். முத்திரை இல்லாத உறை அவருடையது. தலையணைக்கும் உறைக்கும் நடுவில், அடியில் ஒட்டிக்கொண்டு இருந்தது கவர்.

"நேத்துலேர்ந்து சரசரன்னு சத்தம். புதுத் தலையணை போலன்னு நெனச்சேன்" என்றார் பெரியவர். கவருக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "நல்லவேளை தெரியல. தெரிஞ்சிருந்தா தூங்கியிருக்கவே மாட்டேன்" என்றார்.

அக்கா சிரித்துவிட்டாள். கையால் வாயை மறைக்க மறந்து, ஏழு இடைவெளியும் தெரிய, வார்டு திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தாள். ஜட்ஜ் அந்தக் கவரை வாங்கிக்கொண்டு நேராகக் கல்லூரி அலுவலகத்துக்குப் போனாள்.

இரண்டு மாதம் கழித்து அக்காவை அளவு எடுக்கக் கூட்டிப்போனேன். டாக்டர் அம்மா பசை நிரப்பிய தட்டை வாயில் வைத்து, "மூணு நிமிஷம் அசையக் கூடாது, பேசக் கூடாது" என்று சொல்லி, தட்டை ஜட்ஜ் கையில் பிடிக்கக் கொடுத்துவிட்டு அடுத்த நாற்காலிக்குப் போனார். அக்காவால் மூன்று நிமிடம் பேச முடியாது என்கிற வாய்ப்பு வாழ்க்கையில் மறுபடி வராது என்று ஜட்ஜுக்குத் தெரியும்.

"அம்மா, இந்த மாசமும் எனக்குக் காசு பத்தல" என்றாள், தட்டைப் பிடித்துக்கொண்டே. "வேணும். கேக்கறதுக்கு இன்னும் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா கேக்கறேன்."

அக்கா கண்ணை மூடித் திறந்தாள். பேச முடியாததால் மகளின் மணிக்கட்டை இடது கையால் பிடித்து இரண்டு தட்டு தட்டினாள்.

பல் செட் முதல் தடவை சரியாக உட்காரவில்லை. அக்கா "சலவை" என்று சொன்னால் விசில் அடித்தது. ஜட்ஜ் மூன்று முறை தேய்த்துச் சரிசெய்தாள். பரிட்சை முடிவு இன்னும் வரவில்லை. பல் செட் செய்யும் ஒரு லேபில் அதற்குள் பயிற்சிக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். சம்பளம் வரும்வரை முதல் புதன்கிழமைகளில் உறை போகிறது. நான் இப்போதெல்லாம் முத்திரை பார்க்கிறேன்.

போன வாரம் வந்த அழுக்குப் பையை லாண்டரி மேசையில் கொட்டியபோது, பணம் வைத்து அனுப்பிய அந்தத் தலையணை உறை வந்து விழுந்தது. மடிப்பு மொத்தமும் பிரிந்து, நன்றாகக் கசங்கி, ஒரு மூலையில் எண்ணெய்க் கறையோடு இருந்தது. அக்கா அதை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்து, உருளைப் பக்கம் நிற்கிற எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினாள்.

"பாருங்க, எம் பொண்ணு எவ்வளவு அழுக்காக்கி வச்சிருக்கா" என்றாள், பல் தெரியச் சிரித்துக்கொண்டு.