உத்தமனின் இடது கன்னம்

பீன்யா தொழிற்பேட்டையில் இருக்கும் எங்கள் பட்டறையில் என் வேலையே குறை கண்டுபிடிப்பதுதான். இரும்புச் சட்டங்களில் வெல்டிங் ஒழுங்காக விழுந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பேன். சரியில்லை என்றால் சாக்பீஸால் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பிவிடுவேன். நான்கு வருடங்களில் உத்தமன் போட்ட வெல்டிங்கில் ஒரு வட்டம்கூடப் போட்டதில்லை. எனக்கே எரிச்சலாக இருக்கும். ஒரு மனுஷன் இவ்வளவு சரியாகவா இருப்பது?

அவருக்கு முப்பத்து நாலு வயது. கோலார் தங்கவயலில் பிறந்தவர். பல வருடம் தினமும் ரயில் பிடித்து வந்துபோய், அலுத்து, பட்டறைக்குப் பக்கத்தில் தாசரஹள்ளியில் அறை எடுத்துக்கொண்டார். சிரித்தால் சத்தம் வராது, தோள் மட்டும் குலுங்கும். அந்தக் குலுங்கலைப் பார்ப்பதற்காகவே நான் ஏதாவது சொல்லிவைப்பேன். மறைப்பானேன், எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும்.

ஆனால் மனுஷனுக்கு இடது கன்னத்தில் மங்கு. காப்பித்தூள் சிந்தினாற்போல் திட்டுத் திட்டாக இருக்கும். வலது கன்னமோ பளிச். அதனால் என்னிடம் பேசும்போது வலது பக்கத்தை மட்டும் காட்டுவார். "மேடம், பீஸ் ரெடி" என்று சுவரைப் பார்த்துச் சொல்வார்.

போன மாதம் என் அண்ணன் பரத் எனக்கு ஒரு வரன் பார்த்தான். அன்றிலிருந்து மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை வந்து பார்ப்பதாக ஏற்பாடு. செய்தி பட்டறைக்குத் தெரிந்த அன்று, உத்தமனின் கூட்டாளி சண்முகம் என்னிடம் வந்து காதைக் கடித்தார்.

"மேடம், அவன் உங்களைக் கேக்கணும்னுதான் இருக்கான். மூஞ்சி சரியாகட்டும்னு காத்துட்டிருக்கான்."

"எத்தனை நாளா?"

"ரெண்டு வருஷமா."

எனக்கு வந்த கோபத்தில் அன்று யார் யாருக்கோ வட்டம் போட்டேன். ரெண்டு வருஷமாம்! கன்னத்தையா நான் கட்டிக்கொள்ளப்போகிறேன்?

வரன் செய்தி கேட்டதும் உத்தமனுக்கு அவசரம் வந்துவிட்டது. சிவாஜிநகரில் எங்கோ ஒரு கடையில் க்ரீம் டப்பா வாங்கினார். அதில் என்ன கலந்திருக்கிறது, யார் தயாரித்தது, ஒன்றும் எழுதியிருக்கவில்லை. முதல் வாரம் கன்னம் வெளுத்தது. சண்முகம் விசில் அடித்தார். அடுத்த வாரம் முகம் மிளகாய் அரைத்துப் பூசியது போலச் சிவந்து, பருக்கள் கிளம்பி, தோல் உரிந்தது. ஒரு நாள் பூசாமல் விட்டால் எரிச்சல் இன்னும் கூடியது. கர்ச்சீப்பைக் கட்டிக்கொண்டு வேலைக்கு வந்தார்.

"அரை நாள் லீவு போடுங்க. கெளம்புங்க" என்றேன்.

"எங்க மேடம்?"

"ஆஸ்பத்திரிக்கு. பேசாம வாங்க."

தோல் டாக்டர் ஸ்வர்ணா "ஏனாயித்து?" என்று கன்னடத்தில் என்ன ஆச்சு என விசாரிக்க ஆரம்பித்து, நாங்கள் தமிழில் அடித்துக்கொள்வதைக் கேட்டுத் தமிழுக்கு வந்துவிட்டார். டப்பாவைத் திருப்பிப் பார்த்தார்.

"இதுல ஸ்டீராய்டு கலந்திருக்கும்போல. இனிமே இதைத் தொடாதீங்க. எரிச்சல் அடங்க மருந்து தர்றேன், நான் சொல்ற அளவுல போட்டு மெதுவா நிறுத்தணும். எலுமிச்சம்பழம், சோடா உப்பு, டூத்பேஸ்ட் ஒண்ணும் கூடாது. அது சரி, மங்கு ஏன் ஒரு பக்கம் மட்டும் இருக்கு?"

உத்தமன் சுவரைப் பார்த்தார். நான் விடுவேனா?

"வெல்டிங் வெளிச்சம் படாம மூஞ்சியை மறைக்கிற ஷீல்டை இறக்கவே மாட்டாரு டாக்டர். ரெண்டு இரும்பை ஒட்டி நிறுத்தறதுக்கு மொதல்ல புள்ளி புள்ளியா வெல்டிங் வைப்பாங்க. ஒவ்வொரு புள்ளிக்கும் ஷீல்டை இறக்க சோம்பல். கண்ணை மூடிக்கிட்டு மூஞ்சியை வலது பக்கம் திருப்பிக்குவாரு. பட்டறையில பாதிப் பேரு அப்படித்தான்."

"எத்தனை வருஷமா?"

"பன்னெண்டு" என்றார் உத்தமன், குற்றவாளி மாதிரி.

டாக்டர் நெற்றியில் கை வைத்துக்கொண்டு சிரித்துவிட்டார். "அந்த வெளிச்சம் வெயிலைவிட மோசம்ங்க. கண்ணைக் காப்பாத்தினதா நெனச்சுக்கிட்டு கன்னத்தைச் சுட்டுட்டீங்க. கண்ணை மூடினாலும் கண்ணுக்கும் ஆபத்துதான். ஒரு புள்ளின்னாலும் ஷீல்டு இறங்கணும். காலையிலயும் மத்தியானமும் சன்ஸ்க்ரீன். இந்தச் செவப்பு ஆறின பிறகுதான் மங்குக்கு மருந்து."

"எட்டு நாள்ல போயிடுமா டாக்டர்?"

"எட்டு நாளா? ஆறு மாசமாவது ஆகும். நெறம் கொறையும், ஆனா முழுசா போகாமலும் இருக்கலாம்."

வெளியே வந்து உத்தமன் பெஞ்சில் உட்கார்ந்தார். முகம் செத்துவிட்டது. எட்டு நாளில் அந்த வரன் வரும் ஞாயிற்றுக்கிழமை. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

"முழுசா போகாதுன்னு சொல்லிட்டாங்களே மேடம். நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுக் கேக்கறது?"

"என்ன கேக்கணும்? மொதல்ல அதைக் கேளுங்க!"

என் சத்தத்தில் மருந்து வரிசையில் நின்றவர்கள் திரும்பினார்கள். உத்தமன் மெல்ல கர்ச்சீப்பை அவிழ்த்தார். நான்கு வருடங்களில் முதல் தடவையாக முழு முகத்தையும் என் பக்கம் திருப்பினார். அத்தனை திட்டும், அத்தனை பருவும், உரிந்த தோலும் வெளிச்சத்தில் தெரிந்தன.

"என்னைக் கட்டிக்கிறீங்களா மேடம்?"

மேடமாம்! எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அந்த இடத்திலேயே அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"பரத்தண்ணா, ஞாயித்துக்கிழமை அவங்களை வர வேணாம்னு சொல்லிடு. கேசரியை மட்டும் நிறுத்திடாத. வேற மாப்பிள்ளை வர்றாரு."

அண்ணன் கத்துவது பெஞ்சுவரை கேட்டது. உத்தமன் என் கையைப் பிடித்தார்.

"ஞாயித்துக்கிழமையா? இந்த மூஞ்சியோடவா?"

"இந்த மூஞ்சியோடதான்" என்றேன்.

அவர் தோள் குலுங்கியது.