சம்பந்தி கொண்டுவந்த வெண்ணெய்

எங்கள் மலையூரான நாரின் சந்தையில் என் கடைக்கு எதிரேதான், வெண்ணெயைச் சோதித்து முத்திரை போடும் சைரகுலின் அறை. விடிந்ததும் வெண்ணெய் விற்கிற பெண்கள் அங்கே வரிசை கட்டுவார்கள். பால் கொழுப்பைத் தவிர வேறு கொழுப்பு எதுவும் சேராதது மட்டுமே வெண்ணெய் என்கிறது சட்டம். ஒரு கரண்டி மார்கரின், அதாவது தாவரக் கொழுப்பு, கலந்தாலும் அதன் பெயர் ஸ்ப்ரெட். நாங்கள் பாதிப் பேர் அந்தச் சட்டத்தைச் சபிப்போம். சைரகுலோ அதைத் தொழுகை மாதிரி கடைப்பிடிப்பாள். என் வெண்ணெய்க்கே ஒருமுறை முத்திரை போட மறுத்தவள், அந்தக் கோபம் இன்னும் எனக்குப் போகவில்லை.

ஆனால் அன்று அவள் ஒரே வெண்ணெயை மூன்று முறை உருக்கிச் சோதித்தாள். மேசைமேல் இருந்தது, எங்கள் வழக்கப்படி ஆட்டு இரைப்பையில் அடைத்த ஜூராவின் வெண்ணெய். ஜூரா அவளுடைய சம்பந்தி. மகள் கனிஷாய் அந்த வீட்டுக்குப் போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. சம்பந்தி வந்தால் ஆடு அறுத்து, கூடாரத்தின் மரியாதை இடத்தில் உட்கார வைக்கிற ஜனங்கள் நாங்கள். அவளையே சந்தை நடுவில் கலப்படக்காரி என்றால், மகள் அங்கே எப்படி வாழ்வாள்?

"சம்மந்தி, இதுல மார்கரின் கலந்திருக்கு," என்றாள் சைரகுல். மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் சந்தைக்குக் காது நீளம்.

ஜூராவின் முகம் வெளுத்தது. ஒரு துளி எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"ஆமா, நான்தான் கலந்தேன். அதுக்கென்ன இப்போ?"

"வெண்ணெய்னு முத்திரை போட முடியாதுங்க. ஸ்ப்ரெட்னு எழுதி வேணா வித்துக்கலாம்."

"எங்க வீட்டுப் பேர்ல ஸ்ப்ரெட் விக்கிறதே இல்ல!" வெண்ணெயை அள்ளிக் கட்டிக்கொண்டு போய்விட்டாள்.

"ஏண்டி, சம்மந்திகிட்டயுமா சட்டம் பேசுவே? பெத்த பொண்ணை நீயே வாழாவெட்டி ஆக்கிடுவே போலிருக்கே," என்றேன் நான். அவள் அடுத்தவளின் வெண்ணெயை இழுத்து வைத்துக்கொண்டாள். மத்தியானம் சாப்பிடவில்லை.

மறுநாள் கனிஷாய் அழுதுகொண்டே வந்து நின்றாள்.

"பாலாடையைக் கொட்டிட்டேன்மா. திட்டுவாங்களோன்னு பயந்து, கடையில மார்கரின் வாங்கிக் கலந்துட்டேன். அத்தைக்கு எதுவுமே தெரியாது. நேத்து வந்ததும் கதவைச் சாத்திட்டுக் கேட்டாங்க, சொல்லிட்டேன். 'கொட்டினா கொட்டிட்டேன்னு சொல்லித் தொலை, கழுதை'ன்னாங்க. அவ்வளவுதான். வீட்டுல வேற யாருக்கும் தெரியாதும்மா."

சைரகுல் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நான் எழுந்து அறைக் கதவைச் சாத்தினேன்.

அடுத்த வாரம் ஜூரா மறுபடியும் வெண்ணெயோடு வந்தாள். சைரகுல் எப்போதும்போல உருக்கி, சோதித்து, முத்திரை போட்டாள். பழியை ஏற்றதற்கு நன்றி சொன்னால், சந்தையில் மகளைக் காட்டிக்கொடுத்தது போலாகும். அதனால் வாயே திறக்கவில்லை. ஜூரா மட்டும் சந்தைக்கே கேட்கிற மாதிரி சொன்னாள்:

"நல்லாப் பாத்துக்குங்க சம்மந்தி. இது உங்க பொண்ணு கடைஞ்ச வெண்ணெய்!"