பழைய கமராவின் பெயரைச் சொன்னேன்

எனக்குச் சந்தேகக் குணம் உண்டு. கிளிநொச்சியில் கலியாண வீட்டுப் படம் எடுத்துப் பிழைக்கிற ஒரு பெண்ணுக்கு அது தேவைதான் என்று என்னை நானே தேற்றிக்கொள்வேன். பந்தியில் இருந்தாலும் கமராப் பையை மடியில் வைத்துக்கொண்டுதான் சாப்பிடுவேன்.

படங்களைத் திருத்தி அல்பம் ஆக்கித் தருகிறவர் கனகராயன்குளத்தில் இருந்தார். என்னைவிட இளையவர், வேலை படு சுத்தம். பென் டிரைவைக் கடதாசியில் சுற்றி வவுனியா பஸ்ஸில் கொண்டக்டரிடம் கொடுத்துவிடுவேன். அவர் றோட்டில் நின்று வாங்கிக்கொள்வார். இடையில் யாரும் பிரித்தால் தெரியட்டும் என்று, ஒட்டின இடத்தில் கையெழுத்தும் வைப்பேன். அவரும் இப்போது படம் எடுக்கப் போகிறாராம் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து அவர்மேலும் ஒரு கண் வைத்திருந்தேன்.

அந்த நேரத்தில்தான் புதுக் கமரா வாங்கினேன். கடைக்கு வந்து அதிக நாளாகாத மொடல். முதல் வேலை முரசுமோட்டையில் ஒரு கலியாணம். எல்லாவற்றையும் ரோ ஃபைலாகவே எடுத்தேன். கமரா பிடித்ததைக் கை வைக்காமல் அப்படியே வைத்திருக்கும் ஃபைல் அது; நிறம், வெளிச்சம் எல்லாம் பிறகு கொம்பியூட்டரில் வடிவாகச் சரிசெய்யலாம். பெண்ணின் தகப்பன் வயல் செய்கிறவர். கமராவைக் கண்டாலே முகத்தை இறுக்கிக்கொள்வார். சாப்பாட்டு நேரம் சம்பந்தி ஏதோ பகிடி சொல்ல, வாய் விட்டுச் சிரித்தார். அந்த ஒரு நொடியைப் பிடித்துவிட்டேன்.

அல்பம் வேலை தொடங்க முன்னரே அந்த மனிதர் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்துவிட்டார். செத்தவீட்டுக் காரியங்கள் முடிந்த கையோடு மகள் என்னிடம் வந்தாள். முப்பத்தோராம் நாளுக்கு, செத்தவரின் நினைவாக அச்சடித்து வருகிறவர்களுக்குக் கொடுக்கிற கல்வெட்டுப் புத்தகத்தின் முன்பக்கத்துக்கு ஒரு படம் வேண்டும். வீட்டில் அடையாள அட்டைப் படம் ஒன்றுதான் மிச்சம், மற்றதெல்லாம் இடப்பெயர்வோடு போய்விட்டது என்றாள். கமராவின் சின்னத் திரையில் அந்தச் சிரிப்பைக் காட்டினேன். கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இதுதான் அப்பா. இதையே தாங்கோ அக்கா.”

அன்றைக்கே பென் டிரைவை அனுப்பினேன். பின்னேரம் கனகராயன்குளத்திலிருந்து அழைப்பு. ஒரு படமும் திறபடவில்லையாம். புதுக் கமராவா, என்ன மொடல் என்று கேட்டார். எனக்குப் பொறி தட்டியது. கமராவில் தெரிகிற படம் இவருடைய கொம்பியூட்டரில் மட்டும் ஏன் தெரியாது? மொடலை அறிந்துகொண்டு தானும் அதையே வாங்கி என் வேலைகளைப் பிடிக்கப் பார்க்கிறார். அதே பழைய கமராதான் என்று கூசாமல் சொன்னேன்.

படங்களை இன்னொருமுறை அனுப்பச் சொன்னார், அனுப்பினேன். கமராவுக்குள் போடுகிற கார்ட்டில் பிழை இருக்கலாம் என்றார். அழிந்த படங்களை மீட்கிற ஏதோ ஒன்றைப் போட்டுப் பார்ப்பதாகச் சொன்னார். ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு சாட்டு. வேண்டுமென்றே இழுத்தடிக்கிறார், என் பெயரைக் கெடுக்கப் பார்க்கிறார் என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது. மகளுக்குக் கொம்பியூட்டரில் ஏதோ பிழை, நாளைக்கு நாளைக்கு என்று சொல்லி எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. கடைசியில் இரண்டிலொன்று பார்த்துவிடுவோம் என்று நானே பஸ் ஏறினேன்.

நான் போய் இறங்கியபோது அவருடைய திரையில் அந்தத் தகப்பன் பெரிதாகச் சிரித்துக்கொண்டிருந்தார். வழி நெடுக ஏச்சுச் சேர்த்துக்கொண்டு வந்தவள், கதிரையை இழுத்துப் போட்டு அதன் முன்னால் இருந்தேன். அவர் சாதாரணமாகத்தான் விளங்கப்படுத்தினார். அவருடைய மென்பொருள் பழையது, அதற்குப் பிறகு வந்த கமராவின் ஃபைலை அதற்கு வாசிக்கத் தெரியாது. பழையதற்கும் விளங்குகிற பொது வடிவத்துக்கு மாற்றித் தருகிற சின்ன மென்பொருள் ஒன்று இருக்கிறதாம். மாற்றியதும் எல்லாம் திறந்துவிட்டது.

புதுக் கமரா என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். கேட்கும்போதே என் குரல் இறங்கிவிட்டது.

“எந்தக் கமராவில எடுத்தது எண்டு ஃபைலுக்குள்ளயே எழுதிக் கிடக்கும் அக்கா. இண்டைக்குக் காலமைதான் பாத்தனான். முதல் நாளே பாத்திருக்கலாம். நீங்கள் சொன்னதுக்குப் பிறகு அதைப் பாக்க வேணும் எண்டு எனக்குத் தோன்றேல்லை.”

அவர் முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். வெளியே வந்து மகளுக்குப் போன் எடுத்தேன். இனிப் பொறுக்க முடியாது என்று அச்சகத்தார் சொன்னதால் நேற்றே அடையாள அட்டைப் படத்தைக் கொடுத்துவிட்டாளாம். கல்வெட்டு அடித்து முடிந்துவிட்டது.

முப்பத்தோராம் நாள் அந்தச் சிரிப்பைச் சட்டம் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். மகள் அதை வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். வந்தவர்களுக்குக் கொடுத்த கல்வெட்டில் ஒன்று என் கைக்கும் வந்தது. முன்பக்கத்தில், கமராவை நம்பாத அந்த இறுகின முகம்.

“கொம்பியூட்டர் பிழைச்சதுக்கு நீங்கள் என்ன செய்யிறது அக்கா” என்று அவள் எனக்கு ஆறுதல் சொன்னாள்.

ஓம் என்றேன்.