மீட்டர் ஏறாத கார்கள்

1. முதல் நாள்

திருகோணமலை உள்துறைமுகக் கரையில் இருந்த அந்தக் கார் சேலில், பழைய கார் வாங்கி விற்கும் இடத்தில், வேலைக்குச் சேரும்போது எனக்கு இருபத்திரண்டு வயது. ஒட்டோமொபைல் டிப்ளோமா முடித்திருந்தேன். ஹைபிரிட் கார் என்றால் எனக்குச் சாப்பாடே வேண்டாம். யார்டில் ஏழு சொகுசுக் கார்கள் உறை போட்டு நின்றன. ஆசையில் ஒன்றை ஸ்டார்ட் பண்ணி ஒரு சுற்று ஓட்டினேன். முதலாளி கந்தோர் அறையிலிருந்து பாய்ந்து வந்தார்.

"டேய் தம்பி, இறங்கு! மீட்டர் ஏறுதெல்லோ?"

"நிண்டுகொண்டே இருந்தா ஹைபிரிட் பற்றரி செத்துப்போகும் முதலாளி. கிழமைக்கு ஒருக்காவாவது ஓட்ட வேணும்."

"பற்றரியை ஆரடா பாக்கிறான்? வாறவன் முதல்ல பாக்கிறது எவ்வளவு ஓடினதெண்டு மீட்டரை. உன்ர டிப்ளோமாவைக் கொண்டுபோய் ஓட்டோக்குப் பின்னால ஒட்டு."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். அதை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

2. ஏற்றம்

வாகன இறக்குமதியை அரசாங்கம் நிறுத்தியிருந்த காலம் அது. புதுக் கார் வராததால் இருந்த கார்களுக்கு மாதா மாதம் விலை ஏறியது. வாங்கியவர்கள் ஓட்டவில்லை, பூட்டி வைத்தார்கள். பிறகு லாபத்துக்கு எங்களிடமே கொண்டுவந்தார்கள். ஒரு கறுப்பு ஹைபிரிட் கார் எங்கள் யார்டுக்கு மூன்று தரம் வந்தது. மூன்று தரமும் மீட்டரில் ஏறக்குறைய அதே எண். சீட்டில் போட்டிருந்த பொலித்தீனைக்கூட யாரும் கிழிக்கவில்லை. முதலாளி அதைத்தான் பெருமையாகக் காட்டுவார்.

உறைக்குள் உப்பு ஈரம் நின்றது. பிரேக் டிஸ்க் துருப்பிடித்தது. ரயர்கள் நின்ற இடத்திலேயே ஒரு பக்கம் தட்டையாகின. நான் துருவைத் தேய்த்து, பொலிஷ் போட்டு, திரும்பவும் மூடினேன். ஓடச் செய்த சாமானை ஓட விடாமல் பார்த்துக்கொள்வதற்கு எனக்குச் சம்பளம்!

3. இறக்கம்

இறக்குமதி திறந்தது. வசதியானவர்கள் புது மொடல் தேடிக் கொழும்புக்குப் போனார்கள். எங்கள் யார்டில் காகம்தான் வந்தது. முதலாளி விலையை இறக்கினார். அப்போதுதான் கிண்ணியாவில் அரிசி ஆலை வைத்திருக்கும் ரவூப் நானா வந்தார். அவருடைய மனைவிக்கு முதுகெலும்பில் ஒப்பரேஷன். கிளினிக்குக்குக் கண்டி போக வேண்டும். வாடகை வானில் போனால் ரோட்டில் குழிக்குக் குழி அழுகிறாவாம். அந்தக் கறுப்புக் காரின் சீட்டை அமத்திப் பார்த்தார்.

"தம்பி, நீங்க படிச்ச புள்ள. இத நம்பி அவவ ஏத்தலாமா?"

முதலாளி என் முதுகுக்குப் பின்னால் நின்றார்.

"ஓம் நானா. நல்ல கண்டிஷன். மீட்டரைப் பாருங்கோவன்."

சொன்னது முதலாளி இல்லை, நான். செக் ஷீட்டில் 'பற்றரி நல்லது' என்று எழுதிக் கையெழுத்தும் வைத்தேன். பற்றரியைச் சோதிக்கும் ஸ்கானரைப் போட்டுப் பார்க்கவில்லை. என்ன காட்டும் என்று தெரிந்ததால்தான் போடவில்லை.

4. ஹபரணைக் காடு

முதல் கிளினிக் பயணத்திலேயே கார் கண்டி போகும் ஹபரணைக் காட்டு வழியில் நின்றுவிட்டது. உச்சி வெயில். ஏசியும் இல்லை. குனிய ஏலாத அந்த மனுஷியை இரண்டு பேர் தூக்கி, வழியில் வந்த லொறியின் முன் சீட்டில் ஏற்றியிருக்கிறார்கள். நானா போன் எடுத்தார். சத்தம் போடவில்லை.

"காரப்பத்தி உங்கட முதலாளியோட கதைக்கிறன். உங்களிட்ட ஒண்டுதான் கேக்கணும். பற்றரி போனது உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும் நானா."

போனை வைத்துவிட்டார்.

முதலாளியிடம் போய்ச் சொன்னேன். "வித்தது வித்ததுதான். ஓட்டத் தெரியாதவனுக்கு நான் என்ன செய்ய?" என்றார். கார்களின் திறப்புக் கொத்தை அவருடைய மேசையில் எறிந்து வேலையை விட்டுவிட்டு, என் ஸ்கானரோடு கிண்ணியாவுக்குப் போனேன். கட்டி இழுத்து வந்திருந்த அந்தக் காரின் பற்றரியில் செத்த செல்களை மாற்ற நான்கு நாள் பிடித்தது. முடிந்ததும் நானா முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

"கண்டிக்குப் போய்த் திரும்புவம். முதல்ல அவ இல்லாம."

போய்த் திரும்பும் வரைக்கும் அவர் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். அது ஏறிக்கொண்டே இருந்தது.

இப்போது வாங்குகிறவர்களுக்காகக் கார் பரிசோதித்துக் கொடுக்கிறேன். இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: முதலாளி பொய் சொல்லச் சொல்வார். ஆனால் செக் ஷீட்டில் அவருடைய கையெழுத்து இருக்காது, உங்களுடையதுதான் இருக்கும். நான் கையெழுத்து வைத்த ஷீட் இன்னும் அந்தக் காரின் டாஷ்போர்ட்டுக்குள் கிடக்கிறது. நானா அதைக் கிழிக்க விடவில்லை.