மூன்று நாள் சீட்டு

2020 ஆனிக் கடைசியில் சிங்காரவேலுவின் இடது கடைவாய்ப் பல் வலிக்கத் தொடங்கியது. நீடாமங்கலத்துக்கு அருகே ஐந்து மா குத்தகை நிலம். குறுவை நாற்று தயார். அந்த வாரத்திலேயே அவர் உரக்கடைக்குப் போனார், இரண்டு கல்யாணத்துக்குப் போனார், டீக்கடையில் மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்டு அரசியல் பேசினார். பல் டாக்டரிடம் மட்டும் போகவில்லை. அங்கே கொரோனா தொற்றுமாம்.

விசாரித்தால், காரணம் வேறு. டாக்டர் ஜெயபாரதி போனிலேயே சொல்லியிருந்தார்: கொரோனா இல்லை என்று சீட்டு வேண்டும், அதுவும் மூன்று நாளுக்குத்தான் செல்லும்.

"மூக்குல குச்சிய விட்டு, இருக்குன்னு சொல்லிட்டா? தெருவுக்கே தகரம் அடிச்சிருவாங்க. அப்புறம் நடவுக்கு எவ வருவா?" என்றார் மனைவியிடம்.

பல்லில் கிராம்புத் தைலத்தை வைத்துக்கொண்டார். பல் அடங்கியது. ஐந்தாம் நாள் மீன் குழம்பைத் தொட்டவரின் முகம் மாறியது.

"வள்ளி, உப்புப் போட்டியா?"

"முப்பது வருசமா கேக்காத கேள்வி!"

ருசியில்லை, வாசனையில்லை. தட்டை எடுத்துக்கொண்டு நேரே மோட்டார் கொட்டகைக்குப் போய்த் தாளிட்டுக்கொண்டார். வள்ளியம்மை ஊர் நர்சுக்குப் போன் போட்டார். எந்தக் குச்சிக்கு ஒளிந்தாரோ, அது மூக்கில் ஏறியது. இரண்டு நாளில் முடிவு வந்தது: கொரோனா இல்லை.

"தைலத்தைக் குடம் குடமா ஊத்துனா நாக்கு மரத்துத்தான் போகும். கெளம்புங்க, சீட்டு வீணாப் போவுது" என்றார் வள்ளியம்மை.

நடவு ஆட்களை வயலில் இறக்கிவிட்டு, சீட்டு செல்லும் கடைசி நாளான மூன்றாம் நாள்தான் கிளம்பினார். உடல் முழுக்கப் பிளாஸ்டிக் உறை மாட்டியிருந்த டாக்டர், "மாஸ்க்கக் கழட்டுங்க" என்றார்.

"நாலு மாசமா எல்லாரும் போடச் சொன்னாங்க. கழட்டச் சொன்ன மொத ஆளு நீங்கதான், டாக்டரம்மா."

பல்லைப் பிடுங்கியாயிற்று. "முன்னாடியே வந்திருந்தா பக்கத்துப் பல்லுக்குப் பரவியிருக்காது. அடைச்சாப் பொழைச்சுக்கும். அடுத்த வாரம் வாங்க."

"அதுக்குப் புதுச் சீட்டு வேணுமா?"

"வேணும்."

"அப்ப அதையும் இன்னிக்கே புடுங்கிருங்க."

டாக்டர் மறுத்துவிட்டார். அந்தப் பல் இன்றும் அடைக்கப்படாமல் இருக்கிறது. இப்போது யாரும் சீட்டுக் கேட்பதில்லை என்று வள்ளியம்மை சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டார்.

"வலிக்கலியே" என்கிறார் சிங்காரவேலு, வலது பக்கமாக மென்றபடி.