ஆன்ஸ்லினுக்கு விடுப்பு வந்த கதை

எங்கள் கல்லூரியில் டிசம்பர் விடுப்புக்கு ஆகஸ்டிலேயே கடிதம் கொடுத்த ஒரே ஆள் ஆன்ஸ்லின்தான். நான் அலுவலகக் கண்காணிப்பாளர், லீவுக் கடிதமெல்லாம் என் மேசைக்குத்தான் வரும். "என்னவேய், பொங்கலுக்கு இப்பமே பச்சரிசி ஊறப் போட்டுட்டேரா?" என்று கேட்டேன். மனுஷன் சிரிக்கவில்லை. "ஜின்சி வாறா சார். பதினஞ்சு நாளாக்கும். ஒரு நாளுகூட கொறையப்படாது" என்றார்.

ஜின்சி அவர் மனைவி, மஸ்கட்டில் நர்ஸ். கல்யாணமாகி நாலு வருஷம் ஆகிறது; இருவரும் சேர்ந்திருந்த நாள்களைக் கூட்டினால் நூறு தேறாது. தினமும் மதியம் ஒன்று பத்துக்கு அவள் போன் வரும். குலசேகரத்துக்கு அப்பால் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிற கல்லூரிக்கு சிக்னல் எங்கே ஒழுங்காகக் கிடைக்கும்? தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் மட்டும்தான். சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்காமல் அங்கே போய் நிற்பார். பேசிவிட்டு வரும்போது அந்த முகத்தைப் பார்த்தால் எனக்குச் சோறு இறங்காது. அப்படி ஒரு ஏக்கம். அந்த வருஷம் அவள் வருவதற்காக வீட்டுக்கு வெள்ளையடித்தார், பைக்குக்கு இரண்டாவது ஹெல்மெட் ஒன்றும் வாங்கி வைத்தார்.

கம்ப்யூட்டர் லேபில் சர்வரைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. யூனிக்ஸ் வகை இயந்திரம், ஒன்றே ஒன்று. சிவில் மாணவர்களின் புராஜெக்டுக்கு ஒரு மென்பொருள் பேக்கேஜின் பழைய பதிப்பு வேண்டும். எலக்ட்ரானிக்ஸுக்கு அதே பேக்கேஜின் புதிய பதிப்பு வேண்டும். இரண்டையும் ஒன்றாகப் போட்டால் ஒன்று மற்றதைக் கெடுத்துவிடும். அதனால் ஆன்ஸ்லின் அந்த ஒரே இயந்திரத்துக்குள் பதினோரு தனித்தனி இடங்களைக் கட்டியிருந்தார். 'விர்ச்சுவல் என்வயர்ன்மென்ட்' என்று பெயராம். அவர் அருமனைக்காரர், 'முறி' என்பார். அறை என்று அர்த்தம். "ஒரு வீட்டுல பதினோரு மருமக்கமாரு சார், ஆளுக்கொரு அடுப்பு. ஒருத்திக்க சட்டியில இன்னொருத்தி கரண்டிய போடப்படாது" என்று எனக்கு விளக்கினார். அதற்கு மேல் கேட்டால் எனக்கும் புரியாது.

2013 கடைசியில் கல்லூரி கைமாறியது. புதிய அறக்கட்டளை, புதிய பெயர். செயலாளர் இஸ்ரவேல் என்னைக் கூப்பிட்டு, பழைய பெயர் ஓரிடத்திலும் இருக்கக்கூடாது என்று சுற்றறிக்கை அனுப்பச் சொன்னார். பெயர்ப்பலகை, பஸ், ரசீதுப் புத்தகம் என்று எழுதிக்கொண்டே போனவன், எதுவும் விட்டுப்போகக் கூடாதே என்று 'கணினிகள் உட்பட' என்று நானாகச் சேர்த்தேன். யாரும் கேட்கவில்லை. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி நான்தான்.

இஸ்ரவேல் சுற்றறிக்கையோடு லேபுக்கே போய்விட்டார். சர்வரில் அந்தப் பதினோரு முறிகளும் பழைய கல்லூரியின் பெயருள்ள ஒரு ஃபோல்டருக்குள் இருந்தன. ஆன்ஸ்லின் அதன் பெயரை மாற்றிக் காட்டினார். பதினொன்றும் நின்றுபோயின. ஒவ்வொரு முறியும் கட்டப்பட்ட அன்றே தன் முழு முகவரியையும் உள்ளுக்குள் எழுதி வைத்துக்கொள்ளுமாம். வெளியே பெயர் மாறினால் அதற்குத் தன் வீடே தெரியாதாம். பழைய பெயரைத் திரும்ப வைத்தார், எல்லாம் ஓடின.

"பழைய பேர ஒரு ஓரமா மறைச்சு வச்சா போதும் சார். வெளிய ஒருத்தருக்கும் தெரியாது" என்றார் ஆன்ஸ்லின்.

"கர்த்தருக்குத் தெரியுமில்லியா?" என்றார் இஸ்ரவேல். "ஜனவரி ஆறாந்தேதி டிரஸ்டுக்க சேர்மன் வாறாரு. அதுக்குள்ள எல்லா முறியையும் புதுசா கெட்டும்."

கேட்டீர்களா நியாயத்தை! ஒவ்வொரு முறியிலும் என்னென்ன பேக்கேஜ், எந்தப் பதிப்பு என்று பட்டியல் எடுத்து, புதிய பெயரில் முறி கட்டி, அதே பதிப்புகளை ஒவ்வொன்றாக இணையத்திலிருந்து இறக்க வேண்டும். ஜின்சியின் பதினைந்து நாள் டிசம்பர் இருபத்து மூன்றில் தொடங்குகிறது. விடுப்பை ரத்து செய்யும் கடிதத்தை நான்தான் தட்டச்சு செய்தேன்.

"காய்ச்சல்னு ஒரு சீட்டு வாங்கிட்டு வாரும்வேய். மத்தத நான் பாத்துக்கிடுதேன்" என்றேன்.

"எட்டாந்தேதி பிள்ளைகளுக்கு புராஜெக்ட் ரிவ்யூ சார். முறி ஓடல்லண்ணா அதுக என்ன செய்யும்?"

ஆன்ஸ்லின் விமான நிலையத்துக்குப் போய் ஜின்சியை அழைத்து வந்தார். கிறிஸ்துமஸ் அன்று வீட்டில் இருந்தார். மறுநாளிலிருந்து, ஞாயிறு உட்பட, காலை எட்டுக்கு லேபில். ஒரு மழை தூறினால் எங்கள் இணைப்பு போய்விடும். முக்கால்வாசி இறங்கின பேக்கேஜ் மறுபடி முதலிலிருந்து வரும். இரண்டு பழைய பதிப்புகள் இணையத்திலேயே இல்லை. பெங்களூரில் இருந்த நண்பர் ஒருவரிடம் கெஞ்சி வாங்கினார்.

மூன்றாம் நாள் மதியம் கை கழுவப் போனேன். தொட்டிக்குப் பின்னால் ஆன்ஸ்லின் போனோடு நிற்கிறார். மணி ஒன்று பத்து. எனக்கு ஒன்றும் புரியவில்லை. அருமனை இங்கிருந்து பத்து கிலோமீட்டர்தானே!

"மஸ்கட்டில இருந்தாலும் போனு, அருமனையில இருந்தாலும் போனாண்ணு கேக்கா சார்" என்றார். சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. பாவி, அந்த இரண்டு வார்த்தையை நான் ஏன் சேர்த்தேன்? வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன். அவள் என்னைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது.

ஐந்தாம் தேதி சாயங்காலம் பதினோராவது முறியும் ஓடியது. மறுநாள் சேர்மன் வந்தார், ரிப்பன் வெட்டினார், முந்திரிப்பருப்பும் டீயும் சாப்பிட்டார், போய்விட்டார். லேப் இருக்கிற மாடிக்கு அவர் ஏறவே இல்லை. அன்று இரவு விமானத்தில் ஜின்சியும் போய்விட்டாள்.

மாணவர்களின் ரிவ்யூ நல்லபடியாக முடிந்தது. இஸ்ரவேலுக்கு மனம் குளிர்ந்துவிட்டது. "பாவம், லீவு நாளெல்லாம் வேலை பாத்தான். எட்டு நாளு ஈடுசெய் விடுப்பு குடும்" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த விடுப்புக் காகிதத்தைக் கிழித்து அவர் மூஞ்சியில் எறிந்திருக்க வேண்டும். எறியவில்லை. முத்திரை குத்தி ஆன்ஸ்லினிடம் கொடுத்தேன். அவர் நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

விடுப்பின் இரண்டாம் நாள் பார்க்கிறேன், லேபில் தன் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். முன்னால் சர்வர் திரைகூட ஓடவில்லை.

"லீவுல உமக்கு இங்க என்னவேய் சோலி?" என்று சத்தம் போட்டேன். "வீட்டுல கெடந்து உறங்கப்படாதா?"

"முடியல்ல சார்" என்றார். "அவளுக்க துணி கொடியில கெடக்கு. தலவாணியில அவளுக்க எண்ண மணம். எந்தப் பக்கம் திரும்புனாலும் அவ இல்லண்ணு தெரியுது. இங்கண்ணா அவ ஒரு நாளும் வந்ததில்லல்லா."